தோளில் இருக்கும் கை

மருதமுனை
2024 ஜூன் 3

அன்புத் தங்கச்சி கனகேஸ்வரிக்கு,

மருதமுனையிலிருந்து சல்மா உம்மா எழுதுகிறேன். எந்தச் சல்மா என்று யோசிக்க வேண்டாம். சவளக்கடை மில்லில் காவலுக்கு இருந்த சீனிமுகம்மதுவின் பெண்சாதி. முப்பத்து நான்கு வருசத்துக்குப் பிறகு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

முதலில் பிள்ளைகளின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். மூத்த மகளின் மகன் றாஸிக் எஞ்சினியர் படித்து முடித்து கட்டாரில் பாலம் கட்டுகிறான். அவனுடைய தங்கச்சி சுல்பிகா தாதிப் படிப்பில் தேறி, வெள்ளை உடுப்புப் போட்டு வேலைக்குப் போகிறாள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று ஊரே சொல்கிறது. இளைய மகளின் மூத்தவள் முஸ்பிறா குர்ஆன் ஓதுகிற கிறாஅத் போட்டியில் மாகாணத்தில் முதலாம் இடம். அந்தக் கேடயத்தை வைக்க அலுமாரியில் இடமில்லாமல் நான் என் சாமான்களை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே போட்டேன். கடைக்குட்டி ஆதிலா ஒலுவில் கெம்பஸில் மூன்றாம் வருசம். எல்லாரையும் விட அவள்தான் என் பெயரைக் காப்பாற்றுகிறவள்.

அவள் செய்கிற வேலையைக் கேள். கம்ப்யூட்டரில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதாம். யாரும் எழுதலாம், யாரும் வாசிக்கலாம். உலகத்து ஊரெல்லாம் அதில் இருக்க, நம் பக்கத்து ஊர்களுக்குப் பேச்சு மூச்சில்லை. ஆதிலா இருபத்தெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து அந்த வெற்றிடத்தை நிரப்புகிறாள். தமிழில் ஒருவர் எழுத, அம்பாறையிலிருந்து வருகிற நிசன்சலா என்கிற பிள்ளை சிங்களத்தில் எழுத, வேறு ஆட்கள் இங்கிலிஷில் எழுதுகிறார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. சனிக்கிழமை தோறும் கல்முனையில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். நான் சோறு கட்டி அனுப்புகிறேன்.

அதில் சவளக்கடை மில்லைப் பற்றி ஆதிலாவே எழுதியிருக்கிறாள். எழுபத்தெட்டாம் வருசப் புயலில் மண் வீடெல்லாம் விழ, காவல்காரர் சீனிமுகம்மது பூட்டை உடைத்துக் கதவைத் திறந்து இருநூறு பேரைக் காப்பாற்றினார் என்று மூன்று பாஷையிலும் இருக்கிறது. அவருடைய படமும் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற படம்தான். அவர் கண்மூடி மௌத்தாகிப் பதின்மூன்று வருசம். இப்போது சீனாக்காரனும் அவரைப் பார்க்கலாம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் காரைதீவு டிலக்சன். உன் மகளின் மகன் என்று போன கிழமைதான் ஆதிலா சொன்னாள். உன் விலாசமும் அவனிடம் வாங்கினதுதான். கெட்டிக்காரப் பிள்ளையாம். ஆனால் பூட்டை உடைத்த வரிக்குப் பக்கத்தில் அவன் 'சான்று தேவை' என்று ஒரு குறி போட்டிருக்கிறான். ஜூன் முப்பதாம் திகதி கடைசிக் கூட்டம். வெளியூர்ப் பெரியவர்கள் வருவார்கள். ஆதிலாவின் கட்டுரையைத்தான் மேடையில் வாசிக்கப் போகிறார்கள். அந்தக் குறியோடு வாசித்தால் பிள்ளைக்கு வெட்கம்.

நீ ஏதும் சொல்லியிருப்பாயோ என்று எனக்கு ஓர் எண்ணம். சொல்லியிருந்தால், பழையதைப் பழையதாக விட்டு அதை எடுக்கச் சொல்லு.

போனில் கதைக்கலாம்தான். காது மந்தம். நான் சத்தமாகக் கதைத்தால் முழு வீடும் கேட்கும். அதுதான் கடிதம்.

சல்மா உம்மா


காரைதீவு
2024 ஜூன் 7

சல்மா உம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகள் நன்றாக இருப்பது சந்தோசம்.

டிலக்சனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எழுதும் வரை அப்படி ஒரு கட்டுரை இருப்பதே எனக்குத் தெரியாது. ஏன் குறி போட்டாய் என்று கேட்டேன். "அம்மம்மா, சங்கத்து மலர் எண்டு போட்டிருக்கு, பக்கம் போடல்ல. அதுக்குத்தான். எல்லாற்ற கட்டுரைக்கும் போடுறதானே" என்றான். பக்கத்தின் இலக்கத்தை எழுதினால் அவனே எடுத்துவிடுவானாம். விசயம் அவ்வளவுதான். நீங்கள் எனக்கு எழுதியே இருக்கத் தேவையில்லை.

ஆனால் எழுதிவிட்டீர்கள். அதனால் அவனைக் கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

மில் கதவுக்கு முன்னால் சீனிமுகம்மது காக்கா நிற்கிறார். கோடுபோட்ட சாரன், தொப்பி. அப்படியேதான் இருக்கிறார். அவருடைய இடது தோளில் ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டுக்கு அங்கால் ஆள் இல்லை. படம் அதோடு முடிகிறது.

அது யாருடைய கை?

க. கனகேஸ்வரி


மருதமுனை
2024 ஜூன் 12

தங்கச்சி கனகேஸ்வரிக்கு,

பக்கம் பதினான்கு. கூட்டுறவுச் சங்கத்தின் பத்தாண்டு மலர். ஆதிலா எழுதிவிட்டாள். குறியும் போய்விட்டது. உன் பேரன் சொன்ன சொல் தவறவில்லை.

ஆனால் குறி போன கையோடு வேறொன்று வந்து நிற்கிறது. போன சனிக்கிழமை கூட்டத்தில் அவன் ஆதிலாவிடம், "படம் முழுசா இல்லையே, மற்றப் பக்கம் எங்க?" என்று கேட்டானாம். சும்மாதான் கேட்டானாம். அவள் "இவ்வளவுதான் இருக்கு" என்றாளாம். "பிரேமைக் கழட்டிப் பாத்தயா?" என்றானாம். அதற்குள் எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவன் வாயை விட்டிருக்கிறான். "எங்கட ஆள்ற பேர் வந்தா உங்களுக்குக் குத்துதா?" என்று. அவ்வளவுதான். எழுத வந்த பிள்ளைகள் இரண்டு மேசையாகப் பிரிந்து உட்கார்ந்தார்களாம். நிசன்சலா இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று, யாருடைய தமிழைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதுவது என்று தெரியாமல் முழித்தாளாம். நான் கட்டி அனுப்பின சோறு பாதி திரும்பி வந்தது. ஆதிலா வந்து படுத்தவள் தலையணையை நனைத்துவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில். அன்று மில் வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். யாருடைய கை என்று யார் கண்டது? படமும் பழையது. ஓரத்தைச் செல்லுப்பூச்சி அரித்துவிட்டது. அரித்ததை வெட்டி எறிந்து மிச்சத்தைப் பிரேம் போட்டோம்.

நாம் இரண்டு பேரும் கிழவிகள். ஒரு கையை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் வேலையைக் கெடுக்க வேண்டாம். உன் பேரனிடம் சொல்லி வை.

சல்மா உம்மா


காரைதீவு
2024 ஜூன் 16

சல்மா உம்மா அவர்களுக்கு,

செல் நேர்கோட்டில் அரிக்காது. டிலக்சன் அதைப் பெரிதாக்கிக் காட்டினான். கத்தரிக்கோல் வெட்டு.

நடுவிரலுக்கு நுனி இல்லை. மில்லின் பெல்ட்டுக்குள் போன என் மனுசனின் விரல். நீங்கள்தான் பழைய சீலையைக் கிழித்துக் கட்டினீர்கள். கட்டிவிட்டு, "சின்னப்போடியண்ணன், இனி மோதிரம் போடுறதெண்டா மற்றக் கையிலதான்" என்று சொல்லி அழுகிற மனுசனைச் சிரிக்க வைத்தீர்கள். அந்தக் கையா உங்களுக்குத் தெரியாத கை?

பூட்டை யார் உடைத்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலாளி ஊரில் இல்லை. பூட்டின் திறப்பு காக்காவின் இடுப்பில் இருந்தது. அது நம்பித் தந்த அமானிதம், முதலாளி சொல்லாமல் திறக்க மாட்டேன் என்று அவர் நின்றார். கூரைக் கிடுகு பறக்கிறது, சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் கத்துகிறது. அவர் கதவில் முதுகை வைத்துக்கொண்டு நிற்கிறார். என் மனுசன் அவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு இரும்பு அலவாங்கால் பூட்டை நெம்பினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்களும் நின்றீர்கள்.

நான் இதை இத்தனை காலமும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் அந்தப் பெயர் எனக்குத் தேவையில்லை. உங்கள் கட்டுரையில் அவரே உடைத்ததாக இருக்கட்டும்.

எனக்குத் தேவையானது வேறு. தொண்ணூறாம் ஆண்டு ஆமி என் மனுசனை ஏற்றிக்கொண்டு போனது, அவர் திரும்பி வரவில்லை. அடையாள அட்டை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அடுத்த கிழமை வீடு எரிந்தது. கலியாணப் படமும் அதோடு போனது. அவருடைய படம் என்று என்னிடம் ஒன்றுகூட இல்லை. மகள் தர்சிகாவுக்கு அப்போது எட்டு வயது. "அப்பாட முகம் கலங்கிக் கலங்கி வருதம்மா, வேற யார்ற முகத்தையோ வெச்சு நினைக்கிறனோ தெரியல்ல" என்று இப்போது சொல்கிறாள். டிலக்சனுக்கு அந்தக் கலங்கின முகமும் இல்லை. அவன் அந்தக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறான். ஓர் அளவுக்கு மேல் கையும் புள்ளி புள்ளியாய்ப் போகிறது.

அவரைக் கொண்டு போன மறுநாள் நான் உங்கள் வாசலுக்கு வந்தேன். காக்கா என்னோடு ஆமிக் காம்புக்கு வந்து ஒரு சொல் சொன்னால் விடுவார்கள் என்று நினைத்தேன். கதவைப் பாதி திறந்து, "அவர் வீட்ட இல்ல" என்றீர்கள். உள்ளே அவர் இருமியது எனக்குக் கேட்டது. நான் திரும்பி வந்தேன். நம் தொடர்பு நின்றது அன்றுதான். பூட்டுக்காக அல்ல.

கேட்பது ஒன்றே ஒன்று. மற்றப் பாதி எங்கே?

முப்பதாம் திகதி கூட்டத்தில் கேள் என்று டிலக்சனிடம் சொல்ல மாட்டேன். அவனாகக் கேட்டால் தடுக்கவும் மாட்டேன்.

கனகேஸ்வரி


மருதமுனை
2024 ஜூன் 20

கனகத்துக்கு,

உன் கடிதம் பெருநாளுக்கு அடுத்த நாள் வந்தது. வீடு நிறைய ஆட்கள். குர்பான் இறைச்சி பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கடிதத்தைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் நின்று வாசித்தேன். "உம்மம்மாக்கு என்ன?" என்று சுல்பிகா பிரஷர் பார்க்க வந்துவிட்டாள்.

எல்லாம் எழுதினாய். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

புயல் ஓய்ந்து முதலாளி வந்தான். கதவை உடைத்து நெல்லைக் களவெடுத்தார்கள் என்று பொலிசில் சொன்னான். பொலிஸ் வந்து, "உடைச்சது யாரு?" என்று கேட்டது. உன் மனுசன் வாயைத் திறக்க முந்தி என்ட மனுசன், "நான்தான்" என்றார். சின்னப்போடிக்குக் கலியாணமாகி ஒரு வருசம், அவனை உள்ளுக்குப் போட்டால் அந்தப் பெட்டைக்கு யார் இருக்கிறது என்று பிறகு என்னிடம் சொன்னார். பதினொரு நாள் உள்ளே இருந்தார். பெரிய மனுசர்கள் போய்க் கதைத்து முதலாளி வழக்கை விட்டான். அவர் வெளியே வந்த அன்று நிவாரணச் சாமானோடு வந்த ஒருவன் பிடித்ததுதான் அந்தப் படம். தோளில் கை வந்தது அப்படித்தான். பதினொரு நாளைக்கு உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லையே, கனகம்? உடைத்தவன் பெயர் அவருக்குச் சும்மாவா வந்தது?

இனி என் பக்கம். அவர் ஊராரிடம் ஒருநாளும் நான் உடைத்தேன் என்று சொன்னதில்லை. கேட்டால் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு எழும்பிப் போவார். சொன்னது நான். மலர் போட வந்த மாஸ்டருக்கும் நான்தான் சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். பதினாலாம் பக்கம் என்பது என் வாய்தான். பிறகு பிள்ளைகளுக்குச் சொன்னேன், பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல அலவாங்கும் அவருடைய கைக்கு வந்துவிட்டது. சில நாளில் எனக்கே அப்படித்தான் தோன்றும்.

கதவு. ஓம், அவர் உள்ளேதான் இருந்தார். யார் வந்தது என்று கேட்டார். பிச்சைக்கு வந்த மிஸ்கீன் ஒருவர் என்றேன். அந்த வருசம் தமிழர் முஸ்லிம் என்று சண்டை மூண்டு நாங்களும் எத்தனை மையித்து அடக்கினோம். துவக்கோடு திரிந்த பொடியன்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர் உன்னோடு காம்புக்குப் போனால் ஒன்றில் காம்பு விடாது, இல்லாவிட்டால் திரும்பி வரும்போது எங்கட ஆட்களே விட மாட்டார்கள். மூன்று பெண் பிள்ளைகள் எனக்கு. கதவைச் சாத்தின கையோடு சுவரைப் பார்த்தேன். படத்தில் உன் மனுசன் சிரித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு யாரும் ஏறி வந்து, இவன் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? படத்தைக் கழற்றி வெட்டினேன். கை மட்டும் வெட்ட வரவில்லை. வெட்டினால் அவருடைய தோளும் போகும்.

வெட்டினதை அடுப்பில் போட்டேன்.

அவர் வந்து பார்த்தார். "மற்றத் துண்டு எங்க?" என்றார். அவரிடமும் இதைத்தான் சொன்னேன். நீ வந்து போனது அவருக்குப் பிறகு கடைத்தெருவில் தெரிந்தது. ஒரு மாதம் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை.

போதுமா? இனி நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடு என்று ஆதிலாவிடம் சொல்லப் போகிறேன். படமும் இல்லை, கையும் இல்லை என்றால் சண்டையும் இல்லை. பிள்ளைகள் முப்பதாம் திகதி ஒரு மேசையில் இருக்கட்டும்.

சல்மா


காரைதீவு
2024 ஜூன் 23

சல்மா ராத்தாவுக்கு,

பதினொரு நாளும் நான் எண்ணினவள். அவரும் எண்ணினவர். அந்தப் பதினொரு நாளும் அவர் பாயில் படுக்கவில்லை. வெறும் நிலத்தில் படுத்தார். நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று மூன்று தரம் வெளிக்கிட்டார். மூன்று தரமும் காலைப் பிடித்து மறித்தது நான். அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் எழுதவில்லை.

நீங்கள் வெட்டினதற்கு நான் கோபப்பட முடியாது. தர்சிகாவைப் போட்டு ஆட்ட ஏணை கட்ட நீங்கள் தந்த பச்சைச் சேலையை அதே கிழமை நானும் எரித்தேன். சோனக வீட்டுச் சேலை ஏன் இங்கே என்று யாரும் கேட்டுவிடுவார்கள் என்று பயம். ஒருவரும் கேட்கவில்லை.

அடுப்பில் போட்டீர்கள் என்று வாசித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். தர்சிகா, "என்னம்மா எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறார்களாம் என்று சொன்னேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். படத்தை எடுக்க வேண்டாம். காக்காவின் படத்துக்குக் கீழே அவர்தான் உடைத்தார் என்றே இருக்கட்டும். நான் டிலக்சனுக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்டேன், அவன் இனி அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டான். மற்ற மேசையில் போய் உட்காரவும் சொல்லியிருக்கிறேன். தர்சிகா காலையில் வேலைக்குப் போக முந்தி போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள். வந்ததும் பார்க்கிறாள்.

முகம் இல்லாவிட்டால் பரவாயில்லை. கையாவது இருக்கட்டும், ராத்தா.

கனகம்


மருதமுனை
2024 ஜூன் 26

என் கனகத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் ஆதிலாவைக் கூப்பிட்டு அவளை வாசிக்கச் சொன்னேன். உன்னுடைய கடிதம் எல்லாவற்றையும் கொடுத்தேன். நான் எழுதினதையும் வாயால் சொன்னேன். இத்தனை நாளும் என்னைப் பெரிதாக நினைத்த பிள்ளை. வாசித்து முடித்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புள்ள, கதிரையில ஏறிப் படத்தக் கழட்டு" என்றேன்.

"ஏன் உம்மம்மா? எடுக்க வாணாம் எண்டுதானே அவங்க எழுதியிருக்காங்க."

"கழட்டு எண்டா கழட்டு."

கனகம், நான் அடுப்படிக்குக் கொண்டு போனது உண்மை. நெருப்பும் எரிந்தது. உன் மனுசன் படத்தில் சிரித்துக்கொண்டு இருந்தார். போடக் கை வரவில்லை. திரும்பி வந்து, அந்தத் துண்டைப் பிரேமுக்குள் என் மனுசனுக்குப் பின்னால், முகத்தை மட்டைப் பக்கம் திருப்பி வைத்து ஆணியை அடித்தேன். பிறகு என் மனுசன் கேட்டார். அடுப்பில் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எப்படி எடுத்துக் காட்டுவது? அவர் மௌத்தாகும் வரை அந்தச் சுவருக்கு நேரேதான் படுத்திருந்தார். தேடின ஆள் அவருடைய கண்ணுக்கு முன்னால்தான் தொங்கினார். அவரிடம் சொல்லாததை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று உனக்கும் அதையே எழுதினேன். உன் பேரன் கூட்டத்தில், பிரேமைக் கழட்டிப் பார்த்தாயா என்று கேட்டான் என்று ஆதிலா வந்து சொன்னபோது நான் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

சுனாமித் தண்ணீர் இந்த வீட்டு ஜன்னல் வரை வந்து நின்றது உனக்குத் தெரியாது. அலுமாரி போனது, தையல் மெசின் போனது. படம் மேலே இருந்ததால் தப்பியது.

ஆணியை ஆதிலாதான் குறட்டால் பிடுங்கினாள். மட்டையோடு ஒட்டியிருந்தது. சுல்பிகா ஆஸ்பத்திரியில் ஒட்டுப் பிளாஸ்டரைக் கழற்றுகிற மாதிரி மெல்ல மெல்ல எடுத்தாள். முழுசாக வரவில்லை. இடது காதுப் பக்கம் மட்டையோடு போய்விட்டது. சட்டையில் மஞ்சள் கறை. ஆனால் இரண்டு கண்ணும் இருக்கின்றன, மூக்கு இருக்கிறது, அந்தச் சிரிப்பு இருக்கிறது. மற்றக் கையில் அலவாங்கு இருக்கிறது, கனகம். ஊன்றிக்கொண்டு நிற்கிறார். அதை நான் மறந்தே போனேன்.

ஆதிலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "டிலக்சன் இவர மாதிரியே சிரிப்பான்" என்றாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

பூட்டை உடைத்தது சின்னப்போடி என்று மாற்றி எழுது என்றேன். முடியாதாம். "உங்கட வாய்ச்சொல்லு சான்று இல்ல உம்மம்மா. அச்சில இருக்கிறதுதான் சான்று" என்றாள். "அச்சுக்குச் சொன்னதும் இந்த வாய்தானே புள்ள!" என்றேன். போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பிறகு சொன்னாள், சேர்க்கத்தான் சான்று வேண்டும், சந்தேகம் உள்ளதை எடுத்துவிடலாம் என்று. உடைத்த வரியை அவளே தமிழில் எடுத்துவிட்டாள். நிசன்சலாவுக்குப் போன் எடுத்துச் சிங்களத்திலும் எடுக்கச் சொன்னாள். இங்கிலிஷிலும் போய்விட்டது. இப்போது அதில், புயலன்று மில் கதவு திறக்கப்பட்டது, சனம் தப்பியது என்று மட்டும் இருக்கிறது. மேடையில் வாசிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேன். "இருக்கு. படத்துக்குச் சான்று கேக்க மாட்டாங்க. அது தானே சான்று" என்கிறாள் பிள்ளை.

இரண்டு துண்டையும் நான் ஒட்டவில்லை. உன்னுடைய துண்டு உன் வீட்டுக்கு வர வேண்டியது. தபாலில் போட மாட்டேன். சனிக்கிழமை காலையில் ஆதிலாவோடு பஸ் ஏறி நானே கொண்டு வருகிறேன். பக்கத்து ஊருக்கு வர எனக்கு முப்பத்து நான்கு வருசம் எடுத்தது. கதவைப் பாதி திறந்து, கனகம் வீட்டில் இல்லை என்று யாரும் சொன்னாலும் கோபிக்க மாட்டேன். தர்சிகாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன்.

என் துண்டையும் கொண்டு வருவேன், ஒரு காரியத்துக்காக. உன் வீட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிலக்சன் படம் எடுக்கட்டும். கம்ப்யூட்டரில் வெட்டுக் கோட்டை அழித்து ஒன்றாக்கலாம் என்று ஆதிலா சொல்கிறாள். அழிக்க வேண்டாம். வெட்டினது தெரியட்டும். கீழே இரண்டு பேருடைய பெயரையும் எழுதட்டும், உன் மனுசனுடையதை முதலில். எழுதிவிட்டு, கூட்டத்துக்கு முந்தி, பழைய படத்தை எடுத்து, மூன்று பாஷையிலும் இந்தப் புதுப் படத்தைப் போடச் சொல்லு.

உன் சல்மா ராத்தா